ஒன்பது நாள் மௌனத்துக்கு முன்

தம்பி, வருகிற வெள்ளிக்கிழமை நவராத்திரி தொடங்குகிறது. ஹெந்தளையில் உன் ஆசிரியர் வீட்டில் ஒன்பது நாள் வாய் திறக்காமல் மந்திர சாதனையில் இருக்க விரும்புகிறாய். தாய் சம்மதிக்காமல் உன்னை ஏற்பதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்குத் தாயின் சம்மதம் எதற்கு என்று நீ அவரிடம் கேட்கவில்லை. என்னிடம் வந்து நின்று, "ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ, ரெண்டும் சரி" என்றாய். பத்து நாளாகிவிட்டது. காலையில் தேநீர்க் கோப்பையை வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கிறாய், நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருக்கிறேன்.

இதை உனக்குத் தனியாக எழுதத் தொடங்கி மூன்று தாள்களைக் கிழித்தேன். தனியாக எழுதினால் மன்றாடுகிறேன். நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன் என்று நினைத்துத்தான் உன்னிடம் அனுமதி கேட்டேன். "பேரைப் போடாட்டிச் சரி. ஆனா என்னை ஒரு வருத்தக்காரன் மாதிரி மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றாய். உன்னை நோயாளியாக மட்டும் காட்டாமல் எழுத முயல்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதை மீற வேண்டியிருக்கிறது. உன் நோய் தெரியாவிட்டால் படிப்பவர்களுக்கு என் பயம் விளங்காது. பதினொரு வயதிலிருந்து நீ இன்சுலின் ஊசியில் வாழ்கிறாய். இரத்தத்தில் சீனி இறங்கும்போது உனக்கு வேர்க்கும், பார்வை கலங்கும், பிறகு நிதானம் போய்விடும். நிதானம் போவதற்கு முன் இருக்கிற அந்த ஐந்து பத்து நிமிடத்தில், "அம்மா, என்னவோ செய்யுது" என்று நீ சொன்னதுதான் பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் கலியாண வீட்டிலும் உன்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஒன்பது நாளைக்கு அந்த வாயைத்தான் மூடப்போகிறாய்.

இதையெல்லாம் தொடக்கிவைத்தவள் நான்தான் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் இருந்தபோது யூடியூபில் தந்திரம் பற்றிய காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினாய். ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். குண்டலினியை இருபத்தொரு நாளில் எழுப்பித் தருவதாக ஒருவர் ஆணித்தரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மருந்துத் தரப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். வெளியே எழுதியிருப்பதுதான் குளிசைக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். அந்தக் குரலைக் கேட்டதும் போலி மருந்து என்றுதான் எனக்குப் பட்டது. தடுத்தால் ஒளித்துப் பார்ப்பாய். அதனால் படித்த தாய் செய்கிற கெட்டிக்காரத்தனம் ஒன்றைச் செய்தேன். ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய, தந்திர மரபுகளின் வரலாற்றைச் சொல்லும் அறுநூறு பக்கப் புத்தகம் ஒன்றைத் தேடிப்பிடித்து உன் மேசையில் வைத்தேன். எந்தச் சடங்கு எந்தக் காலத்தில் யாருக்காக உண்டானது என்று தெரிந்துகொண்டால் மயக்கம் தானாகத் தெளியும் என்று நம்பினேன். உன் அப்பா அப்போதே சொன்னார்: "இஞ்சை பாரும், பெடியன் குடிக்கப் பழகுறான் எண்டு சாராயத்தின்ர சரித்திரம் வாங்கிக் குடுக்கிறீர்." நான் சிரிக்கவில்லை.

நீ அறுநூறு பக்கத்தையும் படித்தாய். அதோடு விடாமல் அடிக்குறிப்புகளையும் படித்தாய். அவற்றில் வந்த நூல்களை ஒவ்வொன்றாகத் தேடினாய், சமஸ்கிருதத்தை எழுத்துக்கூட்டக் கற்றாய், கொப்பி கொப்பியாகச் சக்கரங்களைக் கீறினாய். அந்தக் காணொளி மனிதர் எப்படியும் மூன்று மாதத்தில் உனக்குச் சலித்திருப்பார். சலிக்காத இடத்துக்கு உன்னைக் கொண்டுபோய் விட்டது நான் வாங்கித் தந்த புத்தகம். பிறகு புத்தகத்தைப் பார்த்து நீயாகவே மூச்சை அடக்கி உட்கார்ந்து இரண்டு கிழமை தலையிடியோடு திரிந்தாய். நான் அப்பாவைப் பிடித்து, "நீங்களாவது ஏசுங்கோவன்" என்றேன். "குடியில்லை, சிகரெட் இல்லை, பெட்டையளுக்குப் பின்னாலை திரியிறதுமில்லை. முக்கோணம் கீறுறான். என்னத்தைச் சொல்லி ஏச?" என்றார்.

உன் ஆசிரியர் கிடைத்தது எங்கள் மாடிக்கட்டடத்தின் தண்ணீர் மோட்டர் எரிந்ததால். ஏழு குடும்பமும் வாளி தூக்கிக்கொண்டிருந்த அந்தக் கிழமையில், மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற மருதானைக் கடை ஒன்றுக்கு அப்பா போனார். தூக்க ஆள் வேண்டும் என்று உன்னையும் கூட்டிப்போனார். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், முழங்கை வரை வார்னிஷ். மற்றக் கடைகளில் கலண்டர் தொங்குகிற இடத்தில் அவர் கையாலேயே செப்புத் தகட்டில் கீறிய சக்கரம் ஒன்று தொங்கியது. நீ மோட்டரை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாயாம்.

"என்ன தம்பி, எண்ணுறீரோ?"

"நாற்பத்துமூண்டு முக்கோணம் வரவேணும். உங்கடை தகட்டிலை நாற்பத்திரண்டுதான் வருது."

"நடுவிலை இருக்கிறதை விட்டிட்டீர். எல்லாரும் அதைத்தான் விடுறது."

இதை அப்பா பகிடியாகச் சொன்னார். எனக்குப் பகிடியாகப் படவில்லை. அன்றிலிருந்து ஒன்றுவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஹெந்தளையில் அவர் வீட்டில். நாலு மாதம் பொறுத்துவிட்டு ஒரு நாள் நானும் உன்னோடு வந்தேன். கேள்விகளை எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். உருத்திராட்சமும் சடையும் எதிர்பார்த்த என்னை, காற்சட்டையோடு மல்லிகைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்ற ஒருவர் "வாங்கோ அக்கா" என்றார்.

"நீங்கள் எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"பத்தாம் வகுப்பு மட்டும். பிறகு மோட்டர்."

"நான் கேட்டது தந்திரத்தை."

"அதுவும் மோட்டர் மாதிரித்தான் அக்கா. ஒருத்தருக்குப் பக்கத்திலை பன்னிரண்டு வருசம் இருந்து பாத்துச் செய்தனான்."

"இவருக்கு இன்சுலின் எண்டு தெரியுமோ?"

"முதல் நாளே சொன்னவர். சாப்பிட்டிட்டு வந்தால்தான் இருத்துவன் எண்டு சொன்னனான். வெறும் வயித்தோடை செய்யிறது ஒண்டும் இவருக்கில்லை."

"இதாலை சீனி வருத்தம் மாறிச் சுகமாகும் எண்டு ஏதும்..."

"சீ. மாறாது."

அந்தச் "சீ" எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று வீடு திரும்பும் வரை எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசு. கள்ளனை என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். இவர் என்ன சொல்கிறாரோ அதைத்தான் நம்புகிறார், நம்புவதற்கு மேல் ஒரு சொல் சொல்வதில்லை. இப்படி ஒருவரிடம் என் பிள்ளை போனால் எந்தக் காரணத்தைக் காட்டித் திருப்பிக் கூட்டிவருவது?

இந்த மாசி மாதம் அவர் உனக்குத் தீட்சை தந்தார். காதில் சொன்ன மந்திரத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அதன் முதல் விதி. எனக்கு அந்த விதி கசந்தது. பதின்மூன்று வருடமாக உன்னில் எனக்குத் தெரியாதது எதுவும் இருந்ததில்லை. காலையில் எத்தனை, சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை, எந்தக் கையில் ஊசி, எந்தப் பக்க வயிற்றில் ஊசி என்று உன்னை நான் எண்களாகவே அறிந்திருந்தேன். திடீரென்று உன் வாய்க்குள் எனக்குச் சொல்லப்படாத ஒன்று.

தீட்சைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நடந்ததைப் பற்றி நாம் கதைக்கவேயில்லை. உன் அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். சத்தமில்லாமல் உதடு அசைந்துகொண்டிருந்தது. மேலுதட்டில் வேர்வை. மூன்று தரம் கூப்பிட்டேன், நீ அசையவில்லை. மின்விசிறியை நீயே நிற்பாட்டியிருந்தாய் என்பது என் கண்ணில் படவில்லை. குளுக்கோசைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்து, உன் தாடையைப் பிடித்து வாயில் ஊற்றினேன். உனக்குப் புரையேறியது. நீ விரித்திருந்த பட்டுத்துணி முழுக்கக் குளுக்கோசுத் தண்ணீர். "அம்மா, என்ன செய்யிறீங்கள்!" என்று கத்தினாய். அப்போதும் நான் விடாமல் உன் விரலைக் குத்திப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. நல்ல எண். ஒரு நல்ல எண்ணைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

"என்னத்தைச் சொல்லிக்கொண்டு இருந்தனீ?" என்று கேட்டேன்.

"சொல்லக்கூடாது அம்மா."

"பெத்த தாய்க்குமோ?"

மாமிமாரும் பெரியம்மாமாரும் இந்தச் சொல்லை வைத்துப் பிள்ளைகளை மடக்குவதைப் பார்த்து நான் முகம் சுளித்திருக்கிறேன். ஒருநாளும் என் வாயில் வராது என்று நினைத்திருந்தேன். நீ அந்த மந்திரத்தைச் சொன்னாய். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. "இப்ப சரியோ?" என்றாய். வேறொருவர் பத்திரமாக வைத்திருக்கத் தந்த பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டவனின் முகம் உனக்கு. எனக்கோ, இவ்வளவுதானா என்றிருந்தது. அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்கிறேன். பிறகு உன் ஆசிரியர் கேட்டபோது அது எனக்கு மறந்துபோச்சு என்றேன். மறக்கவில்லை. இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் இருக்கிறது. வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அது என்னுடையது அல்ல.

நீ அதோடு விட்டிருந்தால் நல்லது. ஆனால் மந்திரத்தை வெளியே சொன்னவனுக்கு என்ன பரிகாரம் என்று புத்தகங்களில் தேடினாய். ஏதோ ஒன்றில் மூன்று நாள் உண்ணாமல் இருக்க வேண்டும் என்றிருந்தது. உன் ஆசிரியரிடமும் கேட்கவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் கட்டித்தந்த சாப்பாட்டை வேலைத்தலத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டு, இரவில் வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி, இன்சுலினை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டாய். இரண்டாம் நாள் பின்னேரம் உன் கைபேசியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வேறு குரல். காலி வீதியில் நாம் வழமையாகத் துணி வாங்குகிற கடை முதலாளி.

"தங்கச்சி, பயப்புடாதீங்க. ஒங்கட மகன் நம்மட கடைல இரிக்காரு. வாசல்ல வந்து இருந்தாரு, வேர்த்துக் கொட்டினிச்சி, பேச்சு கொளறினிச்சி. எனக்கும் இந்த வருத்தம் தானே, பாத்த ஒடன வெளங்கிட்டு. சீனி அள்ளிப்போட்டு பிளேன்டி தேத்தண்ணி குடுத்தன். இப்ப சொகம்."

நான் ஓடிவந்தபோது நீ சேலைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் இருந்தாய். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நோம்பா எண்டு கேட்டன், ஓம் எண்டு தலய ஆட்டினாரு. இந்த மாசத்துல என்ன நோம்பு தங்கச்சி?" என்றார்.  பிள்ளை என்னவோ பாவம் செய்துவிட்டதாக நினைத்துப் பட்டினி கிடந்தான், அந்தப் பாவத்தைச் செய்வித்தது நான் என்று ஒரு துணிக்கடையில் நின்று எப்படிச் சொல்வது?

நீ அன்றிரவே நடந்ததெல்லாம் சொல்லிவிட்டாய் போல, அடுத்த நாள் உன் ஆசிரியர் மருதானையிலிருந்து வேலை உடுப்போடு எங்கள் மூன்று மாடியும் ஏறிவந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஆரைக் கேட்டுப் பட்டினி கிடந்தனீர்?" என்றார் உன்னைப் பார்த்து.

"புத்தகத்திலை..."

"புத்தகம் எழுதினவருக்கு உம்மடை சீனி தெரியுமோ? பிழை விட்டால் என்னட்டை வந்து சொல்லுறது. இருந்து நாலு ஜபமாலை கூடச் சொல்லும் எண்டு சொல்லியிருப்பன், அவ்வளவுதான். இந்த உடம்பாலைதான் செய்யிறது. இதை முறிச்சுப்போட்டு என்னத்தாலை செய்யப்போறீர், என்ரை மோட்டராலையோ?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, அவர் சொன்னது பிழை. நீங்கள் கேட்டதும் பிழை."

"ஓம்" என்றேன். என் வீட்டுக் கூடத்தில் வைத்து ஒருவர் என்னைப் பிழை என்று சொல்லி நான் ஒப்புக்கொண்டது உனக்கே புதினமாக இருந்திருக்கும்.

"நவராத்திரிக்கு எங்கடை வீட்டிலை நாலு பேர் மௌனத்திலை இருக்கினம். தம்பியும் கேட்டவர். நீங்கள் ஓம் எண்டால் வரட்டும். இல்லையெண்டால் அடுத்த வருசம் பாப்பம். இனி இந்த வீட்டிலை ஆருக்கும் ஆரும் ஒளிக்க வேண்டாம்."

இல்லை என்று சொல்ல எனக்கு நூறு காரணம் இருந்தது. ஆனால் நான் அதுவரை உன்னிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இது சரியா, இது உண்மையா, இது ஆபத்தா என்றெல்லாம் கேட்டேன். உனக்கு இது எதற்கு என்று கேட்கவில்லை. போன கிழமை நீ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். நீ கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஜபத்துக்கு முன்னால் செய்வதைக் காட்டினாய். தலை, கண், தோள், மார்பு என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டு, அங்கெல்லாம் தெய்வத்தை இருத்துவது. வயிற்றைத் தொட்டபோது உன் கை நின்றது.

"ஊசி போட்டுப் போட்டுத் தடிச்சுப்போன இடம் அம்மா. பதினொரு வயசிலையிருந்து டொக்டர் தொட்டவர், நேர்ஸ் தொட்டவ, நீங்கள் தொட்டனீங்கள். எல்லாரும் எங்கை பிழை எண்டு பாக்கத்தான் தொட்டது. நானும் அப்பிடித்தான். இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பிழை பாக்காமல் தொடுறன். அவ்வளவுதான். குண்டலினி எண்டு வேறை ஒண்டும் எழும்பேல்லை."

நான் அடுப்பைக் குறைக்கப் போவதுபோலத் திரும்பிக்கொண்டேன். நீ சொன்னதால் என் அறிவு மாறிவிடவில்லை. உன் வயிற்றில் தெய்வம் இருக்கிறது என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. ஆனால் அந்தத் தடிப்புகளை நான் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை என்பது உண்மை. ஊசி போட இன்னும் இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் தொட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லாமல் ஹெந்தளைக்குப் போனேன். இனி ஒளிப்பு வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகும் ஒளித்துப் போனதற்கு மன்னித்துக்கொள். வீட்டில் இருந்த இரண்டாவது மீற்றரைக் கொண்டுபோய், அவருக்கும் அவர் மனைவிக்கும் விரலில் குத்துவது, இரத்தத்தை எடுப்பது, எண்ணைப் படிப்பது, எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தேன். கம்பிகளின் தடிப்பைக் குறித்து வைக்கிற கொப்பியில் அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒவ்வொரு தரமும் திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஒரு இடத்தில் பிழைவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். அவர் மனைவிதான் என் நெஞ்சில் கிடந்த கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, பேச்சுக் குளறினால் தெரியும் எண்டுறியள். ஆள்தான் கதைக்கப்போறதில்லையே. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

 மனைவியே யோசித்து வழியும் சொன்னார். "எழும்பின உடனை ஒருக்கா, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முதல் ஒருக்கா, படுக்க முதல் ஒருக்கா நான் மீற்றரோடை போய் நிப்பன். ஜபத்திலை இருந்தாலும் விரலைத் தரவேணும். தராட்டி ஆளை எழுப்பி அண்டைக்கே வீட்டை அனுப்பிப்போடுவன். இவர் என்ன சொன்னாலும்." உன் ஆசிரியர் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். அந்த வீட்டில் சாமிக்கு அடுத்தபடி யார் பெரியவர் என்று எனக்கு விளங்கியது. கொஞ்சம் மூச்சு வந்தது.

எண்களை எனக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "அனுப்புறன் அக்கா" என்றார் அவர் மனைவி உடனேயே. பேருந்தில் திரும்பி வரும்போது யோசித்தேன். ஒரு நாளைக்கு ஐந்து எண், ஒன்பது நாள். ஒவ்வொன்றுக்கும் நான் அங்கே தொலைபேசி எடுப்பேன், ஏன் இறங்கியது ஏன் ஏறியது என்று கேட்பேன், நீ அங்கே இருந்தும் இங்கேதான் இருப்பாய். வீடு வந்து சேர்ந்ததும் அவர் மனைவிக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன், எழுபதுக்குக் கீழே போனால் மட்டும் அறிவியுங்கள் என்று. அதற்கு மேல் விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. அந்த ஒன்பது நாளும் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்தில் எத்தனை மாதிரிகளைக் கொட்டப்போகிறேனோ தெரியாது.

இல்லை என்று சொன்னால் நீ கேட்பாய், அது எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு உன் அறைக்குள் இருந்து புத்தகத்தைப் பார்த்துச் செய்வாய். அங்கே விரலைக் கேட்க யாரும் இல்லை. நான் இந்த முடிவுக்கு வந்த வழி இதுதான், இதில் பக்தி எதுவும் இல்லை. பின்னாளில் உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் உனக்கு விளங்காத ஒன்றைக் கொண்டுவந்தால், அது என்ன என்று கேட்க முன்னர் அது அவர்களுக்கு எதற்கு என்று கேள். நான் நாலு வருடம் பிந்திக் கேட்டேன்.

இன்று காலை வேலைக்குப் போக முன் உன் ஆசிரியரோடு கதைத்தேன். "ஓம், வரட்டும்" என்றேன்.

"மனசாரச் சொல்லுறீங்களோ அக்கா?"

"இல்லை. பயத்தோடைதான் சொல்லுறன்."

 கடையில் ஏதோ ஒரு மோட்டரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல, அந்தச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "அது காணும். அவ்வளவும் போதும் அக்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை அப்பா உன்னைக் கொண்டுபோய் விடுவார். நான் வரமாட்டேன், வந்தால் திரும்பமாட்டேன். ஒன்பது நாளும் நீ எதை வேண்டுமானாலும் நினை, எதை வேண்டுமானாலும் மறந்துவிடு. ஆனால் வேர்க்கிறது, பார்வை கலங்குகிறது என்று தோன்றினால் ஜபத்தில் எந்த எண்ணிக்கையில் இருந்தாலும் அதை விட்டுவிட்டு வாயைத் திறந்து கத்து. அம்பாள் கோபித்தால் நான் அவவோடு கதைத்துக்கொள்கிறேன்.

அம்மா